புதுக்கோட்டை வண்டி டிரைவரின் சக்கர நாற்காலி

பிச்சமுத்து முப்பத்தொரு வருஷம் புதுக்கோட்டை வண்டி ஓட்டியவர். டோல்கேட், சுப்பிரமணியபுரம், ஏர்போர்ட், மாத்தூர், கீரனூர் என்று அந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார் என்று நினைத்துவிடக் கூடாது. அத்தனை வருஷத்தில் ஒரு கோழிகூட அவர் சக்கரத்தில் அடிபட்டதில்லை என்பதை டெப்போவில் அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

ஏர்போர்ட் ஸ்டாப்பில் அவர் இறக்கிவிட்ட பெட்டி படுக்கைகள் எண்ணி மாளாது. கயிறு போட்டு இறுக்கிய அட்டைப்பெட்டிகள், அழுது வீங்கிய முகங்கள், ஒருவரை வழியனுப்ப வந்த பன்னிரண்டு பேர் எல்லாவற்றையும் அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே ஒருநாளும் காலை வைத்ததில்லை. சொந்த மகள் அறிவுமதி சிங்கப்பூருக்குப் படிக்கப் போன அன்றும் வைக்கவில்லை.

அது ஆறு வருஷத்துக்கு முந்திய சங்கதி. பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று அவர் மனைவி சந்திரம்மாள் ஆயிரம் தடவை சொல்லிக் காட்டியாயிற்று. கிடைத்திருக்கும்தான். அவர் கேட்கவில்லை. இத்தனை பேர் எதிரில் அழுது தொலைத்துவிடுவோமோ என்று பயம், அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் போய் அறிவுமதிக்குக் கையசைத்தார்கள். அப்பா மட்டும் டியூட்டிக்குப் போய்விட்டார்.

விமானம் கிளம்பும் நேரம் அவருக்குத் தெரியும். அன்று மத்தியான டிரிப்பில் ஏர்போர்ட்டைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார். கண்டக்டரிடம், "பின் டயர் ஒரு மாதிரி இழுக்குது, பாத்துட்டு வரேன்" என்று இறங்கினார். டயரின் பக்கத்தில் நின்று அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். விமானம் தலைக்கு மேலே ஏறிப் போய்ப் புள்ளியாகும்வரை நின்றார். நாலு நிமிஷம் இருக்கும். உள்ளே ஜனங்கள் கத்தினார்கள். திரும்ப ஏறி வண்டியை எடுத்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. டெப்போ ரிப்போர்ட்டிலும் டயர் என்றே எழுதிக் கொடுத்தார். அவருடைய சர்வீஸில் அவர் சொன்ன ஒரே பொய் அது.

வீட்டிலோ, 'அன்னைக்கு அப்பா வரல' என்பது ஒரு நிரந்தரப் பேச்சாகிப்போனது. அறிவுமதி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சிரித்துக்கொண்டு சொல்வதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

இப்போது அவளுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு விழா. சந்திரம்மாள் முன்பே ஒரு தடவை பழைய ஏர்போர்ட் வழியாகப் போய் மகளோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவள். "இந்தத் தடவை நீங்க போங்க. அன்னைக்குப் போகாததுக்கு இதுதான் பரிகாரம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பிச்சமுத்துவும் மறுபேச்சுப் பேசவில்லை. அவருக்கும் அது தேவைப்பட்டது.

இங்கிலீஷும் தெரியாத, ஆகாயத்திலும் பறந்திராத அப்பா வழி தெரியாமல் முழிப்பாரே என்று அறிவுமதி டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலிக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டாள். இந்த ஊரில் இது எல்லோரும் அறிந்த ஏற்பாடு. வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் பெரியவர்கள் விமானம் ஏறும்போது நாற்காலி கேட்டுவிடுவார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் சமயபுரத்துக்கு நடந்தே போய்ப் பூ போட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது நாற்காலி அல்ல, அதைத் தள்ளுகிற ஆள். அந்த ஆள் பாஸ்போர்ட்டை நீட்டுவார், பையை ஏற்றுவார், விமானத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்.

மலேசியாவில் இருக்கும் மகனிடம் மூன்று தடவை போய்வந்த ஹனீஃபா பாய், அம்மா மண்டபம் ரோட்டு டீக்கடையில் வைத்து அவருக்குப் பாடம் எடுத்தார்.

"பழைய ஏர்போர்ட் மாதிரி இல்லண்ணே இப்ப. அப்பல்லாம் நாலு எட்டு வச்சா பிளைட்டு. புதுசு கடல் மாதிரி கெடக்கு. நாற்காலி போட்டது நல்லதாப் போச்சு. ஆனா ஒண்ணு, உக்காந்தா எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சீங்க, நல்லாத்தானே இருக்கேன்னு டிக்கெட்டையே ரத்து பண்ணிடுவாங்க. யாராச்சும் கேட்டா முடியலன்னு சொல்லிடுங்க."

"என்ன முடியலன்னு சொல்றது பாய்?"

"எதைக் கேட்டாலும் முடியலன்னு சொல்லுங்க."

டிக்கெட் ரத்து பற்றி ஹனீஃபா சொன்னது அவராகச் சேர்த்துக்கொண்டது. பிச்சமுத்து அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

கார் மேம்பாலம் மாதிரியான பாதையில் ஏறிப் புறப்பாடு வாசலில் நின்றபோது அவர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். இந்தக் கட்டடம் எழும்புவதை வருஷக்கணக்கில் டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தவர்தான். கம்பிகள் நட்டபோதும் கூரை ஏறியபோதும் பார்த்திருக்கிறார். ரோட்டிலிருந்து பார்த்ததற்கும் வாசலில் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை. கோபுரத்தின் நிறங்களை இறக்கிக் கொண்டுவந்து பூசின மாதிரி ஒரு முகப்பு. உள்ளே, நம் வீதி மொத்தமும் கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்தாலும் நிரம்பாத கூடம்.

நீலச் சட்டை போட்ட ஒரு பெண், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். சட்டையில் விஜயராணி என்று பெயர் இருந்தது. "பிச்சமுத்து ஐயாங்களா? உக்காருங்க" என்றாள்.

அவர் திரும்பி, கண்ணாடிக்கு வெளியே நின்ற சந்திரம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்தார். நாற்காலி நகர்ந்ததும் வலது கால் தானாக பிரேக்கைத் தேடியது. எதிரே பெட்டிவண்டி வரும்போதெல்லாம் அந்தக் கால் தரையை அழுத்தப் போவதைப் பார்த்து விஜயராணி, "பயப்படாதீங்கய்யா, இடிக்க மாட்டேன்" என்றாள். இன்னொருத்தர் ஓட்ட அவர் முன்னால் உட்கார்ந்து போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டிக்கெட் கவுண்டரில் இருந்த சின்னப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். "படி ஏற முடியுங்களா சார்?"

"முடியலம்மா."

"முட்டி வலிங்களா?"

"முட்டியும் வலிக்குது. சுகரும் இருக்கு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு எதையோ தட்டினாள். அதோடு விட்டிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்கு அதை எந்த ஸ்டாப்பில் நிறுத்துவது என்று தெரிவதில்லை. "நெஞ்சும் அடைக்குதும்மா. நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. காலையிலகூட..." என்று பிச்சமுத்து ஓட்டிக்கொண்டே போனார்.

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "காலையில நெஞ்சு அடைச்சுதா சார்?"

அவள் எழுந்துபோய்க் கோட்டுப் போட்ட ஒருவரை அழைத்துவந்தாள். அவர் குனிந்து, அக்கறையாகவே சொன்னார். "சார், இங்கயே டாக்டர் இருக்காரு. அவர் பார்த்து, பயணம் பண்ணலாம்னு எழுதிக் கொடுத்தாத்தான் நாங்க ஏத்த முடியும். கவுண்டரைப் பன்னெண்டே காலுக்கு மூடிடுவோம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

மணி பதினொன்று முப்பத்தைந்து. இதை விட்டால் அந்தக் கம்பெனியின் அடுத்த விமானம் நாளைக்கு இதே நேரம்தான். அதற்குள் அங்கே விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கி வைத்துவிடுவார்கள். அறிவுமதி மறுபடி சிரித்துக்கொண்டே சொல்வாள், 'பட்டம் வாங்கினப்பவும் அப்பா வரல.' பிச்சமுத்துவுக்கு இப்போது உண்மையிலேயே நெஞ்சை அடைத்தது.

விஜயராணி நாற்காலியைத் திருப்பி டாக்டர் அறைப் பக்கம் தள்ளினாள். வழியில் தூண் ஓரமாக வரிசையாய்க் கிடந்த இரும்பு இருக்கைகளில், ஒரு கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு வயதான அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். விஜயராணியைக் கண்டதும் கையைத் தூக்கினாள்.

"என்னம்மா, எனக்கு நாற்காலி வந்துச்சா?"

"வந்துடும் மஜீதாம்மா. முன்னாடி போனவங்களை விட்டுட்டு ஒண்ணு திரும்பி வரட்டும்."

"முக்கா மணி நேரமாச்சும்மா. கவுண்டரை மூடிடுவாங்களாமே? இடுப்புல ஆபரேஷன் பண்ணி நாலு மாசம்தான் ஆச்சு. பாலக்கரையிலேர்ந்து வந்த பிள்ளைங்களை வாசலோட நிறுத்திட்டாங்க. ஒத்தையில எந்திரிக்கவே முடியலயே நான்."

நாற்காலி அவளைத் தாண்டிப் போனது. கொஞ்சதூரம் போனதும் பிச்சமுத்து கேட்டார். "ஏம்மா, இவ்வளவு பெரிய ஏர்போர்ட்டுல அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி இல்லையா?"

"நாற்காலி இருக்குங்கய்யா, முன்னைவிட நெறையவே இருக்கு. எல்லாத்துலயும் ஆள் ஏறியாச்சு. இந்த ஒரு பிளைட்டுக்கே இருபத்தேழு பேர் கேட்டிருக்காங்க. பழைய கட்டடத்துல எட்டு பேர் கேட்டாலே பெரிசு. இங்க தூரம் ஜாஸ்தியா, பிளைட்டும் ஜாஸ்தியாயிடுச்சா, எல்லாருக்கும் தொலைஞ்சிடுவோம்னு பயம். பயத்துக்குத்தான் உக்கார்றாங்க. நடக்க முடியுமா முடியாதான்னு நாங்க கேக்க முடியாதுங்கய்யா. முடியலன்னு சொன்னா தள்ளிட்டுப் போக வேண்டியதுதான்."

அவள் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. மழை வருகிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னாள். குத்தியிருந்தாலாவது பிச்சமுத்து கோபப்பட்டிருக்கலாம்.

அவருடைய பஸ்ஸில், முன்பக்கம் ஒரு சீட்டுக்கு மேலே 'மாற்றுத்திறனாளிகள்' என்று எழுதியிருக்கும். அந்தச் சீட்டு அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் நன்றாகத் தெரியும். அதில் கால் கை நன்றாக இருக்கிற எவனாவது உட்கார்ந்து, தாங்குகட்டையோடு ஒருவர் நிற்பதைப் பார்த்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். ஒருதடவை மாத்தூரில் இஞ்சினையே அணைத்துவிட்டார். "நீ எந்திரிச்சாத்தான் வண்டி கீரனூர் போகும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மீசை வைத்த அந்த ஆள் பஸ் முழுக்கத் திட்டு வாங்கித்தான் எழுந்தான்.

டாக்டர் அறைக்குப் போகிற வழியில் சுவர் நெடுகக் கண்ணாடி. அதில் தன்னைப் பார்த்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை, நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும் அழகாக வைத்த கைகள். மாத்தூரில் எழுந்த அந்த ஆளைவிட இவன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று தோன்றியது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நிறுத்தும்மா."

"என்னங்கய்யா, நெஞ்சு வலிக்குதா?" விஜயராணி பதறிப்போய் முன்னால் வந்தாள்.

"நெஞ்சும் வலிக்கல, முட்டியும் வலிக்கல. ஒரு மண்ணும் இல்ல எனக்கு. திருப்பு வண்டியை. அந்தம்மாவை ஏத்து."

அவர் எழுந்து நின்றார். டிக்கெட்டைக் கிழித்துப்போட யாரும் ஓடிவரவில்லை. ஆனால் நாற்காலி போனால் விஜயராணியும் போவாள் என்பது எழுந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. மஜீதாம்மாவைக் கவுண்டர் மூடுவதற்குள் கொண்டுபோயாக வேண்டும். அவளால் இவரோடு நிற்க முடியாது. "நேராப் போங்கய்யா, இடது கைப்பக்கம் டாக்டர் ரூம். உண்மையைச் சொல்லிடுங்க, விட்டுடுவாரு" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஓடினாள். அந்தக் கடலில் பிச்சமுத்து தனியாக நின்றார்.

உண்மையைச் சொன்னார். அங்கேதான் வினை. கவுண்டரில் சொன்ன பொய்யை எல்லோரும் உடனே நம்பினார்கள். டாக்டரிடம் சொன்ன நிஜத்தை அவர் நம்பவில்லை.

"நெஞ்சு அடைக்குதுன்னு நீங்களே சொன்னதா ஃபோன் வந்துச்சே சார்?"

"பொய்யிங்க. நாற்காலிக்காகச் சொன்னது."

இளம் டாக்டர் சிரித்தார். "நிஜமா வலி உள்ளவங்களும் இங்க வந்து இதையேதான் சார் சொல்வாங்க. பிளைட்டை விட்டுடக் கூடாதேன்னு. நடுவானத்துல ஏதாவது ஆனா யாரு பொறுப்பு?"

நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார். படத்தில் ஒன்றும் இல்லை. அப்போதும் கையெழுத்துப் போட அவருக்கு மனசு வரவில்லை. வயது அறுபத்தொன்று என்பதையே இரண்டு தடவை பார்த்தார். கடைசியில் வெளியே கையைக் காட்டினார். "அந்தப் படிக்கட்டுல மேல வரைக்கும் ஏறி எறங்குங்க. ரெண்டு தடவை. மெதுவாப் போதும்."

மெதுவாகவா? மணி பன்னிரண்டு. பிச்சமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நகரும் படிகளில் ஜனங்கள் பொம்மைகளாக நின்று போய்க்கொண்டிருக்க, பக்கத்தில் நிற்கும் படிகளில் அவர் ஏறினார், இறங்கினார், ஏறினார், இறங்கினார். இரண்டு போதும் என்றதற்கு மூன்று போட்டார். நடுவில் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. சந்திரம்மாள்.

"என்னங்க, இங்க கண்ணாடி வழியாத் தெரியுது. எதுக்குப் படிக்கட்டுல மேலயும் கீழயும் ஓடிட்டிருக்கீங்க? நாற்காலி எங்க?"

"அப்புறம் சொல்றேன், வையி."

"புத்தி கித்தி பிசகிடுச்சா? எல்லாரும் உங்களையே பாக்குறாங்க!"

"பாத்துட்டுப் போறாங்க, வையிடி."

டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி நாடியைப் பார்த்தார். "என்னைவிட நல்லா இருக்கீங்களே சார். எப்படி?"

"வருஷா வருஷம் சமயபுரத்துக்கு நடப்பேங்க."

"அப்புறம் எதுக்கு வீல்சேர் கேட்டீங்க?"

"பயமா இருந்துச்சுங்க" என்றார். இதை டாக்டர் உடனே நம்பினார். கையெழுத்தைப் போட்டுக் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

கவுண்டரில் அவர் கடைசி ஆள். சின்னப் பெண் காகிதத்தைப் படித்துவிட்டு, "வீல்சேரை எடுத்துடட்டுமா சார்?" என்று கேட்டாள். "எடுத்துடும்மா. சொன்னதுக்கெல்லாம் மன்னிச்சிடு" என்றார். அவள் சிரித்துவிட்டு ஜன்னல் சீட்டாகவே கொடுத்தாள்.

அதற்குமேல் கூட ஆள் இல்லை. எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தலைக்கு மேலே தமிழில் எழுதி, அம்பும் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆயுசு முழுக்க அவர் மற்றவர்களைத் திட்டியது இதற்குத்தானே? 'போர்டைப் பாத்து ஏறுங்கய்யா, எழுதித்தானே போட்டிருக்கு!' அவர் போர்டைப் பார்த்தார். குடியேற்றப் பிரிவில் கண்ணாடி போட்ட அதிகாரி எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டதும், "பொண்ணுக்குப் பட்டம் கொடுக்கறாங்க" என்றார். அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டு, "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றார்.

விமான வாசலுக்குப் போகும் கூடத்தில் மஜீதாம்மா நாற்காலியில் இருந்தாள். பின்னால் விஜயராணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இவர் வேகவேகமாக வருவதைப் பார்த்து மஜீதாம்மா, "ஏன் தம்பி, உனக்கு நெஞ்சுவலின்னு சொன்னாங்க, ஓடி வர்றே?" என்றாள். விஜயராணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நாளைக்கு என் பொண்ணுக்குப் பட்டம் கொடுக்கறாங்கம்மா, அதான் ஓட்டம்" என்றார் பிச்சமுத்து. "உன் பொண்ணுக்காகத் துஆ செய்யறேன்பா" என்று மஜீதாம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. பிச்சமுத்து ஓரமாகப் போய் மகளுக்கு ஃபோன் போட்டார்.

"அப்பா! வீல்சேர்காரங்க நல்லாப் பாத்துக்கிட்டாங்களா?"

"நல்லாப் பாத்துக்கிட்டாங்க. நான்தான் எந்திரிச்சுட்டேன். அங்கயும் வேண்டாம்னு சொல்லிடும்மா, நடந்தே வரேன்."

"தொலைஞ்சிடப் போறீங்கப்பா."

"போர்டு இருக்கும்ல, பாத்துக்கறேன்." ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "அறிவு, நீ போனியே அன்னைக்கு, நான் வரலன்னு..."

"ஐயோ, அது கிண்டலுக்குச் சொல்றதுப்பா. இப்ப எதுக்கு அது?"

"வந்தேன்மா. உள்ள வரல. ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு எறங்கி நின்னேன். உன் பிளைட்டு கண்ணுக்கு மறையற வரைக்கும் நின்னேன். நாலு நிமிஷம்."

லைன் போய்விட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா இத்தனை வருஷமா சொல்லல?" என்று கேட்டாள்.

"கண்டக்டர்கிட்ட டயர்னு சொல்லிட்டேன். ரிப்போர்ட்டுலயும் டயர்னு எழுதிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவர் அழுதார். பக்கத்தில் நாலு பேர் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

விமானம் தரையை விட்டதும் வலது கால் மறுபடி பிரேக்கைத் தேடியது. ஜன்னலில் முகத்தை ஒட்டிக் கீழே பார்த்தார். புதுக்கோட்டை ரோடு அரைஞாண் கயிறு அளவுக்குக் கிடந்தது. அதில் ஒரு பஸ், ஏர்போர்ட்டைத் தாண்டி ஓரமாக நின்றிருந்தது. யாராவது இறங்கி அண்ணாந்து பார்க்கிறார்களா என்று குனிந்து குனிந்து தேடினார். பஸ்ஸே தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது, ஆள் எங்கே தெரியும்? அன்று அறிவுமதியும் இதே மாதிரி ஒரு ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பாள். அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்காவிட்டால் அவளுக்கு அது என்றைக்குமே தெரிந்திருக்காது.